நாற்பத்திரண்டாவது பை

ஊரப்பாக்கம்
9 ஜனவரி 2023

மதிப்பிற்குரிய ஜெயகிருஷ்ணன் சாருக்கு,

ஊரப்பாக்கம் காந்திமதி எழுதுவது. ராணுவத்தில் நாயக்காக இருந்த குமரவேலின் மனைவி என்றால் உங்களுக்குச் சட்டென்று நினைவு வரும். உங்களுக்கு எத்தனையோ முறை போன் செய்து பார்த்தேன். என் மகள் பிரசன்னா அவள் போனிலிருந்து கூப்பிட்டபோதுதான் எடுத்தீர்கள். "எதுவா இருந்தாலும் உங்க அம்மாவை எழுத்துல குடுக்கச் சொல்லும்மா, போன்ல பேசறதெல்லாம் எனக்கு ஒத்துவராது" என்றீர்களாம். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆகஸ்டில் வேதசிரோமணி அண்ணன் உங்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவரும் என் வீட்டுக்காரரும் ராணுவத்தில் ஒன்றாக இருந்தவர்கள். தொண்ணூற்றெட்டில் இவர் பனிச்சரிவில் போன பிறகு, இவருடைய முதுகுப்பையைக் காஷ்மீரிலிருந்து சுமந்து வந்து என் கையில் கொடுத்தவரும் அவர்தான். அவர் கூட்டிவந்த ஆள் என்பதால் நான் எதுவும் யோசிக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கண்காட்சி, பிள்ளைகள் பார்க்கட்டும், பத்து நாளில் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றீர்கள். பரணில் ஏறிப் பையை நானே இறக்கித் தந்தேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது.

பிரசன்னாவுக்கு ஜூன் நான்காம் தேதி கல்யாணம். அவர் போய் மூன்று மாதம் கழித்துப் பிறந்தவள். அப்பா என்று அவளுக்கு இருப்பது ஒரு போட்டோவும் அந்தப் பையும்தான். பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அதன் பட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவாள். கல்யாணத்தன்று அது வீட்டில் இருக்க வேண்டும் என்கிறாள். தயவுசெய்து அனுப்பிவையுங்கள். சிரமம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

காந்திமதி


சேலையூர்
21 ஜனவரி 2023

அன்புள்ள காந்திமதி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் பையை இரவல் தரவில்லை, அன்பளிப்பாகத் தந்தீர்கள். அன்று நீங்கள் கையெழுத்திட்ட தாளில் அப்படித்தான் இருக்கிறது. நகல் இணைத்துள்ளேன்.

அந்தப் பை என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மையைச் சொல்கிறேன். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த முப்பது வருடமும், ஓய்வுபெற்ற இந்த ஒன்பது வருடமும் நான் பழைய ராணுவப் பைகளைத் தேடி அலைந்தவன். பர்மாவுக்கு நடந்த பை, அறுபத்திரண்டு சீனப் போரில் மலையேறிய பை என்று மாடியில் நாற்பத்தொன்று இருக்கின்றன. உங்களுடையது நாற்பத்திரண்டாவது. மற்றவை காயலான் கடையிலும் ஏலத்திலும் எடுத்தவை. யார் சுமந்தது, அவனுக்கு என்ன ஆயிற்று என்று ஒன்றும் தெரியாது. இது ஒன்றுக்குத்தான் ஆள் உண்டு, சாவு உண்டு, தேதி உண்டு. பனியிலிருந்து தோண்டி எடுத்தபோது மண்வெட்டி பட்ட வெட்டுகூட இடது பட்டையில் அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டில் அது பொங்கல் பானைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் கிடந்தது. ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. என்னிடம் கண்ணாடிக்குள் இருக்கிறது. எது அவருக்கு மரியாதை என்று நீங்களே யோசியுங்கள்.

ஒரு சிறு உதவி. பையில் அவருடைய ராணுவ எண் அழிந்துவிட்டது. உள்மடிப்பில் சிவப்பு நூலில் தைத்த 'கு.வே.' மட்டும்தான் மிச்சம். இது நாயக் குமரவேல் சுமந்த பைதான் என்று குடும்பத்தார் எழுதிக் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழி வேண்டும். அது இல்லாவிட்டால், விவரம் தெரிந்தவர்கள் முன்னால் இது வெறும் கான்வாஸ் துணி.

ஜெயகிருஷ்ணன்


ஊரப்பாக்கம்
13 பிப்ரவரி 2023

ஜெயகிருஷ்ணன் சாருக்கு,

நேற்று உங்கள் வீட்டில் பேச வாய் வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

மாடிக்குக் கூட்டிப் போனீர்கள். தையல்கடையில் வைத்திருப்பார்களே, தலையில்லாத துணி பொம்மை, அப்படி வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பை. என் வீட்டுக்காரருடையது கடைசி பொம்மையின் மேல் இருந்தது. கண்ணாடிக் கதவைத் திறக்கச் சொன்னேன். "தொடாதீங்கம்மா. சமையல் கை. எண்ணெய்ப் பசை துணியில எறங்கிடும்" என்றீர்கள்.

ஆமாம் சார், வண்டலூரில் ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறேன். அந்தச் சிவப்பு நூலைத் தைத்தது இந்தக் கைதான். லீவு முடிந்து கிளம்பும் அன்று காலையில், எல்லார் பையும் ஒரே மாதிரி இருக்கிறது, மாறிப்போகிறது என்று அவர் சொன்னதால் தைத்தேன். அவசரத்தில் 'வே' கொஞ்சம் கோணலாகப் போயிருக்கும், பாருங்கள்.

நீங்கள் நகல் அனுப்பிய தாளில் இருப்பது என் கையெழுத்துதான். "கண்காட்சி ரிஜிஸ்டர், எல்லாரும் போடறதுதான்" என்று சொல்லி வாங்கினீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்விட்டு வந்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று தாளை என்னிடமே நீட்டினார்கள்.

உறுதிமொழியெல்லாம் தர மாட்டேன். பையைக் கொடுங்கள்.

காந்திமதி


சேலையூர்
2 மார்ச் 2023

காந்திமதி அம்மாவுக்கு,

போலீஸ் வரைக்கும் போனது எனக்கு வருத்தம். இருந்தாலும் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன்.

பையின் முதுகுப்பக்கம் ஒரு மெத்தைத் தடுப்பு உண்டு. போன வாரம் அதன் தையல் விட்டிருந்ததைச் சரிசெய்யப் பிரித்தேன். உள்ளே ஒரு நீல நிற இன்லேண்ட் கடிதம். ஒட்டியிருக்கிறது, தபாலில் சேர்க்கவில்லை. பெறுநர் இடத்தில் உங்கள் பெயர். ஓரத்தில் ஆவி காட்டிப் பதமாகப் பிரித்துப் படித்தேன்.

நான் பொய் சொல்வதாக நினைக்கக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு வரி எழுதுகிறேன்:

"காந்தி, நீ குடுத்த பருப்புப்பொடி தீந்துபோச்சு, வெறும் டப்பாவைத் தெனம் மோந்து பாத்துக்கினு கீறேன்."

கடிதம் நீளமானது. அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எனக்கு ஒன்றும் தர மாட்டேன் என்றால் நான் மட்டும் ஏன் தர வேண்டும். உறுதிமொழியும், அவர் சாப்பிட்ட எனாமல் குவளை வீட்டில் இருப்பதாக அன்று சொன்னீர்களே, அதுவும் வேண்டும்.

ஜெயகிருஷ்ணன்


ஊரப்பாக்கம்
8 மார்ச் 2023

ஐயா,

பிரசன்னாவிடம் குவளையும் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் எழுதிக் கேட்டபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அது அவர் எழுத்துதான். அவர் பேசுகிற மாதிரியே எழுதுவார். ஊரில் எல்லாரும் சிரிப்பார்கள், கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதடா என்று என் மாமனார் திட்டுவார். அந்த ஒரு வரியை இந்த நாலைந்து நாளில் எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. ஹாஸ்டலில் பருப்பு வறுக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். கருகிவிட்டது என்று வார்டன் சத்தம் போட்டார்கள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து என்னோடு பேசுகிறார். உங்களைத் திட்டி எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். நான் படிக்காதவள், கோபத்தில் எழுதிவிட்டேன். பை உங்களிடமே இருக்கட்டும். கடிதத்தை மட்டும் பிரசன்னாவிடம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கும்.

காந்திமதி


சேலையூர்
10 ஏப்ரல் 2023

காந்திமதி அம்மாவுக்கு,

குவளை மிக நன்றாக இருக்கிறது. அடியில் ஆண்டு முத்திரைகூட இருக்கிறது. உறுதிமொழியைச் சட்டம் போட்டுவிட்டேன்.

உங்கள் மகள் வாசலில் வெகுநேரம் நின்றாள். வெறுங்கையோடு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. ஆகஸ்டு பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாவலூரில் ஓர் அரங்கத்தில் என் சேகரிப்பு முழுவதையும் காட்சிக்கு வைக்கிறேன். பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் சேகரிப்பாளர்கள் வருகிறார்கள். என் சேகரிப்பைப் புத்தகமாகப் போட முன்வந்திருப்பவரும் வருகிறார். அன்று மேடையில் அந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பேன். எல்லார் முன்னாலும் நீங்கள் படிக்க வேண்டும். முன்கூட்டியே படித்துவிட்டால் முகத்தில் அது வராது. படம் பிடிக்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். படித்து முடித்ததும் கடிதம் உங்களுடையது. எடுத்துக்கொண்டு போகலாம்.

நான்கு மாதம் பொறுக்க உங்களுக்குத் தெம்பு வேண்டும் என்று இன்னொரு வரி:

"ஆஸ்பத்திரிக்குத் தனியா போவாத, அம்மாவை இட்டுக்கினு போ."

இதற்கு அடுத்து குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஜெயகிருஷ்ணன்


ஊரப்பாக்கம்
18 மே 2023

ஐயா,

ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். மாமியார் அப்போது மகன் போன துக்கத்தில் எழுந்திருக்கவே இல்லை. தாம்பரத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டில் நீங்கள் சொல்கிறபடி மேடை ஏறுகிறேன். அழச் சொன்னால் அழுகிறேன். ஆனால் ஜூன் நான்காம் தேதி தாலி கட்டுவதற்கு முன்னால் பிரசன்னா அந்தக் குழந்தையைப் பற்றிய வரியை மட்டுமாவது கேட்க வேண்டும். போனில் படித்துக் காட்டினால் போதும். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், தெருவுக்குப் போய்விடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லுங்கள்.

காந்திமதி


சேலையூர்
24 மே 2023

அம்மா,

மகளிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். முடியாது. மணமக்களுக்கு என் ஆசிகள்.

வரும்போது வெள்ளைப் புடவை இருந்தால் கட்டிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் ஏற்பாடு செய்கிறேன்.

ஜெயகிருஷ்ணன்


சேலையூர்
14 ஆகஸ்ட் 2023

திருமதி காந்திமதிக்கு,

நேற்று நீங்கள் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடிதத்தைத் தட்டில் வைத்து நானே உங்களிடம் நீட்டினேன். நீங்கள் அதைத் தொடக்கூட இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க வீட்டுக்காரர் பை இல்ல. இந்தக் கையெழுத்தும் அவருது இல்ல. சார் சொன்னாரேன்னு எழுதிக் குடுத்தேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டீர்கள். ஓர் உணர்ச்சியும் இல்லாமல், சந்தையில் பூசணிக்காய் சரியில்லை என்று சொல்கிற மாதிரி.

வேதசிரோமணியைக் கூப்பிட்டேன். இந்தப் பையை மலையிலிருந்து தூக்கிவந்தவனே நீதானே, சொல்லு என்றேன். அவன் உங்களைப் பார்த்தான். "அவுங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றான். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த ஆள்.

பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. புனேக்காரர் ஒவ்வொரு பையாகப் போய் இதற்கு என்ன ஆதாரம், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க ஆரம்பித்தார். பர்மா பையின் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முப்பத்தொன்பது வருடம், அம்மா. புத்தகம் போடுகிறவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். இன்று காலை போனில், இப்போது வேண்டாம் என்றார்.

உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் அது யார் பை என்று. கோணல் 'வே' என்று நீங்களே எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆனால் இனி எதைக் காட்டினாலும், இதுவும் நான் எழுதி வாங்கியது என்றுதான் சொல்வார்கள். சொந்தப் புருஷனை இல்லை என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எப்படி வாய் வந்தது.

ஜெயகிருஷ்ணன்


ஊரப்பாக்கம்
27 ஆகஸ்ட் 2023

சாருக்கு,

எப்படி வாய் வந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்தார்கள். நீங்கள் வெள்ளைப் புடவையைக் கொடுத்தீர்கள். கட்டிக்கொண்டேன். கேமராக்காரப் பெண் பொட்டை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். "அழுகை வந்தா தொடைக்காதீங்க ஆன்ட்டி, கேமரா இந்தப் பக்கம்" என்றாள். சரி என்றேன். அதுவரைக்கும் படிக்கத்தான் இருந்தேன் சார். ஐந்து மாதமாக அதற்குத்தானே காத்துக் கிடந்தேன்.

மேடைக்குப் போகும் வழியில் அந்தப் பொம்மையைப் பார்த்தேன். தலையில்லாமல் இருந்ததற்கு இப்போது தலை வைத்திருந்தீர்கள். எங்கள் கல்யாண போட்டோவை மகளிடம் வாங்கினீர்களே, அதைப் பெரிதாக்கி, என்னை வெட்டிவிட்டு, அவர் முகத்தை மட்டும் அட்டையில் ஒட்டிக் கழுத்தில் செருகியிருந்தீர்கள். முதுகில் பை. கையில் குவளை. இரண்டு பேர் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒருவன் அந்தக் குவளையிலிருந்து குடிக்கிற மாதிரி வாயை வைத்தான். நீங்கள் சிரித்தீர்கள்.

அவர் அந்தப் பொம்மையாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் தோன்றியது. நான் எழுதும் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் யாரிடம் காட்டினாலும் அதில் நீங்கள் தேடுவது கிடைக்காது. அது என் வீட்டுக்காரர் பை இல்லை.

பிரசன்னா இரண்டாவது வரிசையில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நெஜமாவே அது அப்பாது இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப இத்தனை வருஷம் நான் எதைத் தொட்டுக் கும்பிட்டேன்?" என்றாள்.

உங்களுக்குப் போனது புத்தகம். எனக்கு என்ன போனது என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காந்திமதி


சேலையூர்
15 செப்டம்பர் 2023

திருமதி காந்திமதிக்கு,

என் மனைவி மாடியைக் காலி செய்யச் சொல்கிறாள். செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் பையைப் பதிவுப் பார்சலில் அனுப்புகிறேன். குவளையும் உள்ளே இருக்கிறது. கடிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, மெத்தையைப் பழையபடி தைத்துவிட்டேன்.

அதில் குழந்தையைப் பற்றி என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை அல்லவா. பெயர். பெண் பிறந்தால் என்ன பெயர் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஏன் அந்தப் பெயர் என்று அரைப் பக்கத்துக்குக் காரணமும் எழுதியிருக்கிறார். 'பிரசன்னா' இல்லை. இதற்கு மேல் சொல்ல மாட்டேன், நீங்களே படித்துக்கொள்ளலாம்.

பார்சலின் மேல் 'நாயக் குமரவேல் குடும்பத்தார்' என்று எழுதியிருக்கிறேன். உள்ளே இருப்பது அவருடைய பை, குவளை, கடிதம் என்று ஒப்புகை அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கினால் அந்த அட்டை எனக்குத் திரும்பி வரும். தபால் முத்திரையோடு வரும். அது போதும் எனக்கு, புனேக்காரருக்கு அனுப்பிவைப்பேன். அதை யாரும் நான் மிரட்டி வாங்கியதாகச் சொல்ல முடியாது.

வாங்காவிட்டால் பெட்டி இங்கே திரும்பி வரும். திரும்பி வந்தால் பிரிக்க மாட்டேன். மாநகராட்சிக் குப்பை வண்டி எங்கள் தெருவுக்குத் தினமும் ஏழு மணிக்கு வருகிறது.

ஜெயகிருஷ்ணன்


ஊரப்பாக்கம்
26 செப்டம்பர் 2023

சாருக்கு,

பதில் எழுதாமல் விட்டால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பார்சல் வந்தது. பிரசன்னா மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்தாள். உங்கள் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். முதல்நாள் சோறு வைக்கும்போது எடுத்துப் படித்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. தபால்காரர் பெட்டியை வாசல்படியில் வைத்து, "பெரிய பார்சல்மா, வெயிட்டா கீது, இங்க ஒரு கையெழுத்து போடு" என்றபோதுதான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கையெழுத்துதானம்மா. அவர் என்ன வேணா பண்ணிட்டுப் போட்டும். எங்கப்பா எனக்கு வச்ச பேரும்மா."

தபால்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை நீட்டியபடி நின்றார். பிரசன்னா கீழே உட்கார்ந்து அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் அட்டையைப் படித்தேன். 'நாயக் குமரவேல் அவர்களின் உடைமைகள் பெற்றுக்கொள்ளப்பட்டன' என்று அழகாக டைப் அடித்து ஒட்டியிருந்தீர்கள். அதன் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் என் பெயரை எழுதினால் அவர் மறுபடியும் உங்கள் மாடியில் போய் நிற்பார். இந்த முறை என் கையாலேயே நிறுத்துவேன்.

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று எழுதித் தர வேண்டும் என்றார் தபால்காரர். அவரிடம் பேனாவை வாங்கி, பெட்டியின் மேலேயே எழுதினேன். 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.' நீங்கள் பார்த்திருப்பீர்கள், அல்லது இந்நேரம் அது குப்பை வண்டியில் போய்விட்டிருக்கும்.

பிரசன்னா கையை எடுக்கவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன். வண்டியில் வைத்துக் கட்ட அவருக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. நானே பிடித்துக்கொண்டேன்.

திரும்பி உள்ளே வந்தபோது அவள் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். "பிரசன்னா, நான் சொல்றதைக் கேளு" என்றேன்.

"அது என் பேரு இல்லம்மா. இனிமே அதைச் சொல்லிக் கூப்பிடாத" என்றாள். கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

மூன்று நாளாகிறது. போனை எடுக்கிறேன். அந்தப் பக்கம் அவள் எடுத்துவிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன்.

காந்திமதி